சர் கிளெமெண்ட்ஸ் மார்க்கமும் பெரூ தேசமும்

நம் விடுதிச் சமையலறையில் நாள் தவறாது வேகின்ற உருளைக்கிழங்கும், மாலை வேளையில் புகைவண்டி நிலைய வாயிலில் வறுபடும் நிலக்கடலையும், புறநகர்ச் சாலைகளில் ஆங்காங்கே குடை விரித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் நம் நாட்டுக்கே உரியன என்று எண்ணி வாழ்கின்றோம். இவை யாவும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்து கடல் கடந்து வந்தவை. எந்த வருஷத்தில், எந்தக் கப்பலில், யார் கையால் வந்தன என்று வினவினால் விடை கூறுவாரில்லை. ஆயின் அத்திசையினின்று நம் நீலகிரிக்கு வந்த ஒரு மரத்துக்கு மட்டும் வருஷமும் மாதமும் வழியும் ஆளும் தெரியும். அம்மரமே சிங்கோனா. முறைசுரத்துக்குக் கைகண்ட மருந்தாகிய கொயினா அதன் பட்டையினின்று எடுக்கப்படுவது. அதனைக் கொணரும் முயற்சிக்குத் தலைவராக நின்றவர் சர் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர். பெரூ தேசத்தின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் மொழியையும் அவரைப்போல் ஆர்வத்தோடு கற்ற அயல்நாட்டார் அக்காலத்தில் அரியர். அத்தேசத்தார் கொடுக்க விரும்பாத செல்வத்தை எடுத்து வந்தவரும் அவரே. இவ்விரண்டு செயல்களும் ஒரே மனிதரிடத்தில் எங்ஙனம் பொருந்தின என்பதை ஆராய்வது நம்மனோர்க்குப் பயனுடைத்தாகும். அவர் எடுத்து வந்த மருந்தை உண்டவர் நம் முன்னோர் அன்றோ?

மார்க்கம் 1830-ஆம் வருஷம் ஜூலை மாதம் 20-ஆம் நாள் இங்கிலாந்தில் யார்க்ஷயர் நாட்டைச் சார்ந்த ஸ்டில்லிங்ஃப்ளீட் என்னும் சிற்றூரில் ஒரு குருவானவரின் மகனாகத் தோன்றினார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சில காலம் பயின்று, 1844-இல், பதினான்கு வயது நிரம்பும் முன்னரே, கடற்படையில் சேர்ந்தார். அவர் ஏறிய காலிங்வுட் என்னும் போர்க்கப்பல் பசிபிக் சமுத்திரத்துக்குச் சென்று ஏறக்குறைய நான்கு வருஷம் அங்கே தங்கியது. சிலி தேசத்து வால்பரைசோவிலும் பெரூ தேசத்துக் கல்லாவோவிலும் கரையிறங்கித் திரிந்த சிறுவர், ஸ்பானிய பாஷையைக் கற்றுக்கொண்டார். வட துருவக் கடலில் காணாமற்போன ஃபிராங்க்ளின் கூட்டத்தாரைத் தேடி 1850-இல் புறப்பட்ட கப்பற்படையிலும் அவர் சென்று, பனியிடையே ஒரு குளிர்காலத்தைக் கழித்தார். ஆயினும் கடற்படை அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. கப்பலில் மாலுமிகளைச் சவுக்கால் அடிக்கும் வழக்கத்தை அவர் வெறுத்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிதலும் அவருக்கு எளிதாக வரவில்லை. 1851-இல் உத்தியோகத்தை விட்டு விலகினார். அப்பொழுது அவர் உள்ளம் முழுவதும் பெரூவினிடத்திலே இருந்தது.

அத்தேசத்தைப் பற்றிச் சிறிது கூறாமல் மேற்செல்லுதல் இயலாது. தென்னமெரிக்கக் கண்டத்தின் மேல்கரையில் அமைந்த பெரூவின் பரப்பு 12,85,216 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரே தேசமாயினும் அதனுள் மூன்று உலகங்கள் உள்ளன. கடலை அடுத்துக் கிடப்பது வறண்ட பாலை. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் கரையோரமாக ஓடுவதனால் மேகம் கவிந்தாலும் மழை பொழிவதில்லை. தலைநகராகிய லீமாவில் நம்மவர் கருதும் மழை என்பதே இல்லை எனலாம். மலையினின்று இறங்கும் சிற்றாறுகளின் கரைகளில் மட்டும் வயலும் ஊரும் உண்டு. அப்பாலையினின்று திடீரென எழுவது ஆண்டீஸ் மலைத்தொடர். அதன் உச்சிகளுள் ஒன்றாகிய வாஸ்கரான் 6,700 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. பொலிவியா தேசத்தோடு பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாகா என்னும் ஏரி 3,800 மீட்டர் உயரத்தில் கடல்போல் பரந்து கிடக்கின்றது. மலைக்குக் கிழக்கே, அமேசான் நதிக்கு நீர் தரும் பெருங்காடு. தேசத்தின் பாதிக்கு மேற்பட்ட நிலம் அக்காடே. மலையின் கீழ்ச்சரிவும் காடும் சந்திக்கின்ற, ஓயாத மூடுபனி தவழும் இடமே சிங்கோனா மரத்தின் பிறப்பிடம்.

மலைநாட்டில் கூஸ்கோ நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர் இங்கா மன்னர். அவர்களிடம் எழுத்து இல்லை. சக்கர வண்டி இல்லை. இரும்பும் குதிரையும் இல்லை. முடிச்சிட்ட கயிறுகளில் கணக்கை வைத்துக்கொண்டு, முப்பதினாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளை மலைகளின்மீது அமைத்து, செங்குத்தான சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வாய்க்கால் பாய்ச்சி, உருளைக்கிழங்கும் சோளமும் விளைத்துக் களஞ்சியங்களில் சேமித்தனர். 1532-இல் பிசாரோ என்னும் ஸ்பானியன் இருநூறுக்கும் குறைந்த வீரருடன் வந்து, இங்கா மன்னனாகிய அத்தவால்பாவை வஞ்சகமாகச் சிறைப்படுத்தினான். ஓர் அறை நிறையப் பொன் கொடுத்தும் மன்னன் உயிர் தப்பவில்லை, மறுவருஷம் கொல்லப்பட்டான். பின்னர் மூன்று நூற்றாண்டு ஸ்பானியர் ஆட்சி. சுரங்கங்களில் கட்டாய வேலை செய்து மாண்ட சுதேச ஜனங்கள் எண்ணிலர். 1780-இல் இங்கா வமிசத்தவராகிய இரண்டாம் துப்பாக் அமாரு கலகம் செய்தார்; அவரை மறுவருஷம் கூஸ்கோ நகர்ச் சதுக்கத்தில் கொடூரமாகக் கொன்ற ஸ்பானிய அதிகாரிகள், இங்கா மன்னரின் நினைவை எழுப்பும் உடையையும் நாடகங்களையும் தடுத்தனர். 1821-இல் சுதந்தரம் விளம்பரமாயிற்று. 1824-ஆம் வருஷம் ஆயக்கூச்சோ போர்க்களத்தில் அது நிலைபெற்றது. புதிய குடியரசு 1825-இல் தனக்கென ஓர் அரச முத்திரையை வகுத்தபோது அதில் மூன்று பொருள்களைப் பொறித்தது. ஒன்று விக்குன்யா என்னும் மெல்லிய உரோமமுடைய மலைவிலங்கு; ஒன்று பொற்காசு சொரியும் கொம்பு; மற்றொன்று சிங்கோனா மரம். அம்மரத்தைப் பெரூ தேசத்தார் எத்துணை மதித்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மார்க்கம் 1852-இல், இருபத்திரண்டு வயதில், தமது சொந்த முயற்சியாகப் பெரூவுக்குப் புறப்பட்டார். போகும் வழியில் வட அமெரிக்காவில், பெரூ தேசத்தை ஸ்பானியர் வென்ற வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற பிரெஸ்காட் என்னும் சரித்திராசிரியரைச் சென்று கண்டார். ஏறக்குறையக் கண்பார்வை இழந்திருந்த அம்முதியவர் பெரூவைத் தம் வாழ்நாளில் கண்டதேயில்லை. அவர் நூல்களைக் கொண்டு எழுதியதைத் தாம் கால்களால் நடந்து காணவேண்டும் என்பது இளைஞரின் விருப்பம். லீமாவினின்று கடற்கரைப் பாலை வழியாக நாஸ்கா சென்று, மலையேறி ஆயக்கூச்சோவைக் கடந்து, 1853 மார்ச்சு மாதத்தில் கூஸ்கோவை அடைந்தார். வழியெல்லாம் குடியானவரோடு தங்கி அவர்களுடைய கெச்சுவா மொழியைக் கற்றார். லாரெஸ் என்னும் பள்ளத்தாக்கில் இங்கா வமிசத்தைச் சார்ந்த முதிய குருவானவர் ஒருவர் ஒல்லாந்தாய் என்னும் கெச்சுவா நாடகத்தின் ஏட்டுப்பிரதியைப் போற்றி வைத்திருந்தார். இங்கா மன்னன் மகளைக் காதலித்த சேனாபதியின் கதை அது. மார்க்கம் அவ்விடத்திலேயே தங்கி அதனைத் தம் கையால் பிரதி செய்துகொண்டார்; பிற்காலத்தில், 1871-இல், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்நாடகம் ஸ்பானியர் வருகைக்கு முற்பட்டது என்பது அவர் துணிபு. இக்கால ஆராய்ச்சியாளர் பலர் அதனைப் பிற்காலத்தது என்பர். காலம் எதுவாயினும், எழுபது வருஷங்களுக்கு முன் அரசாங்கம் அடக்க முயன்ற ஒரு கலையின் ஏட்டைத் தேடிச் சென்று பிரதி செய்த அயல்நாட்டு இளைஞனின் ஆர்வம் போற்றத்தக்கது. சுவடி தேடி ஊரூராய் அலைந்த நம் பெரியோரை அறிந்த தமிழ் மாணவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தந்தையார் காலமானதனால் அவ்வருஷமே தாயகம் திரும்பிய மார்க்கம், வயிற்றுப் பிழைப்புக்காக அரசாங்க எழுத்தராக அமர்ந்தார். 1854-இல் இந்தியாவின் நிருவாகத்தைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். பெரூவையும் இந்தியாவையும் ஒருங்கு சிந்திக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிட்டியது.

அக்காலத்து இந்தியாவில் முறைசுரம் செய்த கொடுமை சொல்லுந்தரமன்று. ஆட்டிப் படைக்கும் குளிரும், பின் எரிக்கும் காய்ச்சலும், மீண்டும் நாள் தவறாமல் வரும் முறையும் கிராமங்களைப் பாழாக்கின. கொசுவே அதற்குக் காரணம் என்பது 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறியும் வரையில் தெளியப்படவில்லை. கெட்ட காற்றே காரணம் எனக் கருதினர். ஆயினும் மருந்து மட்டும் முன்னரே தெரிந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஏசு சபைக் குருமார் பெரூவினின்று ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த பட்டையே அது. 1820-இல் பாரிஸ் நகரத்துப் பெல்லத்தியே, கவெந்து என்னும் இருவர் அப்பட்டையினின்று கொயினாச் சத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் பின் பட்டைக்குக் கிராக்கி மிகுந்தது. ஆண்டீஸ் காடுகளில் பட்டை வெட்டுவோர் மரத்தை அடியோடு வீழ்த்தி உரித்தனர், மீண்டும் நடுவாரில்லை. மரம் அருகினால் மருந்து அருகும் என்ற அச்சம் எங்கும் பரவிற்று. டச்சுக்காரர் அனுப்பிய ஹாஸ்கார்ல் என்னும் ஜெர்மானியர் ஒருவர் மாற்றுப்பெயர் பூண்டு பெரூவுக்குட் புகுந்து, 1854-இல் கன்றுகளை ஜாவாவுக்குக் கொண்டுசென்றார். ஆங்கிலேயரும் அதனைச் செய்யவேண்டும் என்று 1859-இல் விண்ணப்பித்தவர் மார்க்கம். தாவர நூல் வல்லுநர் அல்லர் அவர். ஆயினும் மலையும் மொழியும் அறிந்தவர் என்பது பற்றி அப்பொறுப்பு அவரிடமே ஒப்புவிக்கப்பட்டது.

மூவகைப் பட்டைக்கு மூன்று கூட்டத்தார் என அவர் ஏற்பாடு செய்தார். ஈக்வடோர் தேசத்தில் சிம்பராசோ மலைச்சாரலிலுள்ள செம்பட்டை மரத்துக்கு ரிச்சர்டு ஸ்புரூஸ். பெரூவின் நடுப்பகுதியிலுள்ள சாம்பற்பட்டைக்குப் பிரிச்செட். எல்லாவற்றினும் மேலானதென மதிக்கப்பட்ட கலிசாயா மரத்தைத் தெற்குப் பெரூவில் தேடும் கடினமான வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார். 1859 டிசம்பரில் தம் மனைவியார் மின்னாவுடனும், வியர் என்னும் தோட்டக்காரருடனும் கப்பலேறினார். மனைவியாரை அரெக்கிப்பா நகரில் விட்டு, தாம் மலைகளைக் கடந்து கரவாயா நாட்டை அடைந்து, தம்போபாத்தா ஆற்றங்கரைக் காட்டுக்குள் இறங்கினார். பட்டை வெட்டுவதில் பழகிய மரியானோ மார்த்தினேஸ் என்பவர் வழிகாட்டினார். ஓயாத மழை, குறைந்துவரும் உணவு, காலுக்குக் கீழே பாதாளம். அத்தகைய இடத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கன்றுகளைத் தோண்டியெடுத்துப் பாசியும் பாயும் சுற்றிக் கட்டினர்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. மார்ட்டெல் என்னும் பழைய படைத்தலைவர் ஊரூருக்குக் கடிதம் விடுத்து, அயலான் ஒருவன் நம் நாட்டுக் கன்றுகளைக் கவர்ந்து செல்கின்றான் என எச்சரித்தார். கியாக்கா என்னும் ஊரின் நகரசபைத் தலைவர் மார்க்கத்தைத் தடுத்து நிறுத்தக் கட்டளை பிறப்பித்தார். கன்றுகள் போய்விட்டால் பட்டையை நம்பிப் பிழைக்கும் தம் ஜனங்கள் என்ன ஆவர் என்பது அவர்களுடைய கவலை. மார்க்கத்தின் நூலில் இவர்கள் இடையூறு செய்தோராகவே காட்சியளிக்கின்றனர். ஆனால் நடுநின்று நோக்குவார்க்கு, தம் ஊர்ச் செல்வத்தைக் காக்க முயன்ற காவலராகத் தோன்றாமற் போகார். மார்க்கம் ஒரு தந்திரம் செய்தார். தோட்டக்காரரை எல்லாரும் எதிர்பார்த்த வழியில் அனுப்பிவிட்டு, தாம் கன்றுகளுடன் ஆள் நடமாட்டமில்லாத மேட்டு நிலங்களினூடே, உறைபனி இரவுகளில் வெளியிற் படுத்து, அரெக்கிப்பாவுக்கும் பின்னர் இஸ்லாய்த் துறைமுகத்துக்கும் வந்து சேர்ந்தார். அங்கே சுங்க அதிகாரி கன்றுகளை ஏற்ற மறுக்கவே, லீமாவுக்கே சென்று மந்திரியின் உத்தரவைப் பெற்று வந்தார். ஆகவே கடைசிப்படியில் அரசாங்க அனுமதி இருந்தது என்பதும் உண்மை. அதுவரை நடந்தவை ஒளித்து நடந்தன என்பதும் உண்மை.

இத்தனை பாடுபட்டுக் கொணர்ந்த கன்றுகளின் கதி யாது? கண்ணாடி மூடிய பெட்டிகளில் அவை பனாமா நிலச்சந்தியைக் கடந்து இங்கிலாந்துக்கும், அங்கிருந்து எகிப்து வழியாகச் செங்கடலுக்கும், பம்பாய்க்கும், கள்ளிக்கோட்டைக்கும் பயணம் செய்தன. ஆண்டீஸ் மூடுபனியில் வளர்ந்த இளங்கன்றுகள் செங்கடல் வெப்பத்தில் வெந்தன. 1860 அக்டோபரில் உதகமண்டலம் வந்து சேர்ந்தபோது அவை குற்றுயிராயிருந்தன. சில மாதங்களுக்குள் யாவும் பட்டுப்போயின. தாம் எடுத்த கன்றுகளுள் ஒன்றுகூட வேர்கொள்ளாததைக் காணும் துயரம் அம்முயற்சித் தலைவருக்கு நேர்ந்தது.

நீலகிரியைக் காத்தவை ஸ்புரூஸ் சேகரித்த செம்பட்டைக் கன்றுகளே. இவரைப் பற்றி ஒரு வார்த்தை. பாசி வகைகளை ஆராய்ந்து பதினொரு வருஷமாக அமேசான் நாட்டில் திரிந்த இவர், அவ்வேலை நடக்கவிருந்த 1860-இலேயே நோய்வாய்ப்பட்டு முதுகும் கால்களும் செயலற்றுப் போனார். ஆயினும் காட்டுக்குள் தங்கி, ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் துணையுடன் ஓர் இலட்சம் வித்துகளையும் அறுநூறுக்கு மேற்பட்ட கன்றுகளையும் சேர்த்தார். கட்டுமரத் தெப்பத்தில் ஏற்றிக் காட்டாற்றில் விட்டபோது கரையோரக் கிளைகளில் தெப்பம் மோதிப் பெட்டிகள் சிதைந்தன. ஆயினும் பெரும்பாலான கன்றுகள் தப்பின. கிராஸ் அவற்றோடு கூடவே பயணம் செய்து, 1861 ஏப்ரலில் 463 செம்பட்டைக் கன்றுகளை உதகமண்டலத்தில் உயிரோடு ஒப்படைத்தார். நடைப்பிணமாய்த் திரும்பிய ஸ்புரூஸ், சேமித்த பொருளையும் ஒரு வியாபாரச் சாலை முறிந்ததனால் இழந்தார். துரைத்தனத்தார் அவரை மறந்திருப்பர், மார்க்கம் மறக்கவில்லை. பல வருஷம் மன்றாடி, ஐம்பது பவுனும் பின்னர் மேலும் ஐம்பது பவுனுமாக அவருக்கு வருஷச் சம்பாவனை வாங்கிக் கொடுத்தார்.

மார்க்கமும் 1860-61-இல் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். நீலகிரி, குடகு, வயநாடு, பழனிமலை முதலிய மலைகளில் மண்ணும் மழையும் குளிரும் சிங்கோனாவுக்கு ஏற்குமா என்று ஆராய்ந்தார். பின்னர் 1862-இல் வெளியிட்ட பெரூ-இந்தியா யாத்திரை நூலில் நம் மலைவாசிகளைப் பற்றியும் எழுதியுள்ளார். நீலகிரியில் வேலையை நடத்தியவர் உதகமண்டலத்துத் தாவரத் தோட்டத்தின் தலைவர் மக்கைவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. பத்து வருஷத்துக்குள் மரங்கள் பத்து இலட்சத்தைக் கடந்தன. மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, அவ்விடத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்பதை மக்கைவர் கண்டறிந்தார். ஆண்டீஸ் காட்டில் மரத்தையே வீழ்த்திய வழக்கத்துக்கு இது மேலான மாற்று. ஆனால் இம்மரங்கள் தாமே வளர்ந்தனவல்ல. சமவெளியினின்று மலையேறிய கூலியாட்கள் கொத்திய மண் அது. மலாய்த் தீவகற்பத்துக் குடியேற்றங்களினின்று தண்டனையடைந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் நடுவட்டத்தில் உழைத்தனர். அவர்களை அடைத்த சிறைக்கட்டடம் இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து கூடலூர்ச் சாலையோரம் தோட்டமிட்டுக் குடியிருந்ததை எட்கார் தர்ஸ்டன் எழுதி வைத்துள்ளார். பெரூ நாட்டு மரமும் சீன நாட்டு உழைப்பும் தமிழ்நாட்டு மலையில் சந்தித்த இவ்விந்தை, சரித்திரப் பாடநூல்களில் இடம்பெறாதது வருந்தத்தக்கது.

செம்பட்டையில் கொயினாச் சத்து குறைவு. கொயினாவோடு அப்பட்டையிலிருந்த மற்றச் சத்துகளும் சுரத்தைத் தணிக்கும் எனச் சென்னை முதலிய இராஜதானிகளில் வைத்தியர் பரிசோதித்துக் கண்டனர். மலிவான மருந்து செய்யலாயினர். முதலில் அது சென்றடைந்தது பட்டாளத்தார்க்கும் உத்தியோகஸ்தர்க்குமே. ஏழைக் குடியானவன் தபால் ஆபீஸில் ஒரு பைசா கொடுத்துக் கொயினாப் பொட்டலம் வாங்கும் ஏற்பாடு 1892-இல் வங்காளத்தில் தொடங்கிப் பின்னரே பிற மாகாணங்களுக்குப் பரவிற்று. நீலகிரியில் முதற்கன்று வேர்விட்டு முப்பது வருஷம் கழித்து! மார்க்கத்தின் நோக்கம் ஏழைகளின் சுரத்தைப் போக்குவதே என்பதில் எமக்கு ஐயமில்லை. துரைத்தனத்தின் நோக்கமும் அதுவே என்று சொல்ல எம்மால் இயலவில்லை.

தாம் செய்தது நியாயமே என்று நிறுவ மார்க்கம் கூறிய வாதம் ஒன்றுண்டு. கோதுமை, திராட்சை, கரும்பு முதலியவற்றைப் பழைய உலகம் பெரூவுக்கு வழங்கியிருக்க, ஒரு மரத்தைப் பெரூ மறுத்தல் தகாது என்பது அதன் கருத்து. இவ்வாதம் முழுமையானதன்று. கோதுமையோடு வைசூரியும் வந்தது. அதனால் அழிந்த சுதேச ஜனங்களின் தொகை சிறிதன்று. முறைசுரமே ஐரோப்பியராலும், அவர்கள் பிடித்து வந்த ஆப்பிரிக்க அடிமைகளைச் சுமந்த கப்பல்களாலும் அக்கண்டத்துக்குச் சென்ற நோய் என்பது இக்கால ஆராய்ச்சி முடிவு. நோயைக் கொடுத்து மருந்தை எடுத்துக்கொண்ட இக்கணக்கில் எவர் கடனாளி? கொடையென்பது கொடுப்பவன் கை நீட்டக் கொடுப்பது. வாங்கியவன் பின்னர்ப் பெயரிடுவது அன்று. இருப்பினும், கியாக்கா ஊரார் வென்றிருந்தால் நம் நாட்டில் எத்தனை குழந்தைகள் தாயற்றிருப்பர் என்பதையும் எண்ணாமலிருக்க முடியவில்லை. இவ்விரண்டு நினைவும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே தாங்கவேண்டியிருக்கின்றது.

இப்பெருங்கதையில் மிகவும் துயருற்றவர் மார்க்கமும் அல்லர், ஸ்புரூஸும் அல்லர். மானுவேல் இன்க்ரா மமானி என்னும் ஆய்மாரா வகுப்பினர் ஒருவர், சார்ல்ஸ் லெட்ஜர் என்னும் வியாபாரிக்காகப் பொலிவியாக் காடுகளில் வருஷக்கணக்காகக் காத்திருந்து உயர்ந்த வித்துகளைச் சேகரித்தார். 1865-இல் அவற்றை ஆங்கில அரசாங்கம் வாங்க மறுத்தது. டச்சுக்காரர் அற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் விதைத்தனர். நீலகிரிச் செம்பட்டையினும் பன்மடங்கு கொயினாச் சத்துடைய மரங்கள் அவற்றினின்று எழுந்தன. சில பத்தாண்டுகளில் உலகத்துக் கொயினா வியாபாரம் பெரும்பாலும் ஜாவாவின் கையில் அடங்கிற்று. மமானியோ அதிகாரிகளால் சிறைப்பட்டு, அடியுண்டு, அதனால் உயிர் துறந்தார். 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது கொயினாவுக்கு உலகமே தவித்தது. நம் நாட்டு மலைத்தோட்டங்களை மீண்டும் நாடினர். அதன்பின் குளோரோகுயின் முதலிய செயற்கை மருந்துகள் பெருகவே, சிங்கோனாவின் காலம் முடிந்தது.

மார்க்கத்தின் எஞ்சிய வாழ்வை விரைந்து கூறுவோம். 1867-68-இல் அபிசீனியப் படையெடுப்பில் பூகோள ஆராய்ச்சியாளராகச் சென்றார். இந்திய நில அளவையின் வரலாற்றை 1871-இல் ஒரு நூலாக எழுதினார். அவ்வளவை தொடங்கிய இடம் நமக்கு அண்மையிலுள்ளதே: 1802-இல் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார், இந்தியா முழுவதையும் அளந்த முக்கோண அளவைக்கு அதுவே வித்து. விடுமுறை கடந்து வடகடலில் தங்கியதன் பின், 1877-இல் உத்தியோகத்தினின்று விலகினார். அரச பூகோள சங்கத்துக்கு இருபத்தைந்து வருஷம் காரியதரிசியாகவும், 1893 முதல் 1905 வரை தலைவராகவும் இருந்தார். 1896-இல் சர் பட்டம் பெற்றார். தென்துருவத்துக்கு ஸ்காட் என்னும் வீரரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவரும் அவரே. 1912-இல் ஸ்காட் பனியில் மாண்டது அவருடைய முதுமையைக் கலக்கிய துயரம்.

எத்தொழிலைச் செய்தபோதும் பெரூவை அவர் விடவில்லை. கெச்சுவா மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்தார். இங்கா வமிசத் தாய்க்குப் பிறந்த கார்சிலாசோ எழுதிய சரித்திரத்தையும், சியெசா தெ லெயோனின் நூலையும் ஆங்கிலமாக்கினார். 1892-இல் பெரூ தேச சரித்திரமும், எண்பது வயதில், 1910-இல், பெரூவின் இங்காக்கள் என்னும் நூலும் வெளியிட்டார். அவசரத்தால் பிழை புகுந்த நூல்களும் அவற்றுள் உண்டு. சிஞ்சோன் பிரபுவின் மனைவியார் அப்பட்டையால் சுரம் நீங்கப்பெற்றார் என்ற பழங்கதையை நம்பி, அவ்வம்மையாரின் வரலாற்றை 1874-இல் எழுதி, மரத்தின் பெயரையும் சிஞ்சோனா எனத் திருத்தவேண்டும் என வாதாடினார். அவர் எழுதிய அம்மையார் பெரூவில் கால் வைத்ததேயில்லை. கணவர் அங்கே ஆளச் செல்லுமுன்னரே ஸ்பெயினில் இறந்தவர். இரண்டாம் மனைவியாரே உடன் சென்றவர். அவரும் அப்பட்டையால் பிழைத்ததாகச் சான்றில்லை.

1916 ஜனவரி 29-ஆம் நாள் இரவு, எண்பத்தைந்து வயது முதியவராகிய மார்க்கம், இலண்டனில் தம் இல்லத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் படுக்கையில் படித்துக்கொண்டிருந்தார். மின்விளக்கு இருந்த காலத்திலும் மெழுகுவத்தியே அவருக்குப் பழக்கம். படுக்கையில் தீப்பற்றியது, புகையால் நினைவிழந்து மறுநாள் உயிர் நீத்தார். ஐந்து வருஷம் கழித்து அரச பூகோள சங்கத்தின் வாயிலில் அவருடைய மார்பளவுச் சிலை நிறுவப்பெற்றது. அதனை வழங்கியது பெரூ தேசம். 1946-இல் லீமா நகரில் தோன்றிய ஒரு கல்விச்சாலைக்கும் அவர் பெயரையே இட்டனர். அங்குப் பயிலும் பிள்ளைகள் கையாளும் நாணயத்தின் ஒரு புறத்தில், அந்நாட்டு அரச முத்திரையினுள், அந்தச் சிங்கோனா மரம் இன்றும் நிற்கின்றது. காட்டில் அதனைக் காண்பதுதான் அங்கே அரிதாகிவிட்டது.